கொலுவுக்கு வந்த டாங்கி

எங்கள் வீட்டுக் கொலுவில் சென்ற வருஷம் ஒரு டாங்கி வந்து நின்றுவிட்டது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. யுத்தத்தில் ஓடுகிறதே, நீளக் குழாயும் இரும்புச் சங்கிலியுமாக, அந்த டாங்கியின் பொம்மைதான். கீழ்ப்படியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் செட்டியாருக்கும் அவர் சம்சாரத்துக்கும் பக்கத்தில் ஜம்மென்று நின்றது. சுண்டலுக்கு வந்த பெண்கள் எல்லாரும் முதலில் அதைப் பார்த்தார்கள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்கள். "ஆச்சிக்கு என்ன ஆச்சு?" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் கிசுகிசுத்ததும் என் காதில் விழத்தான் செய்தது.

அது எப்படி அங்கே வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். உங்கள் வீட்டில் பன்னிரண்டு வயதுக்கு மேல் ஒரு பையன் இருந்தால், இந்தச் சமாசாரம் உங்களுக்கும் உபயோகப்படலாம்.

நான் இருப்பது ஆழ்வார்திருநகரியில். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற ரயிலில் ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் அடுத்த ஸ்டேஷன். நம்மாழ்வார் இருந்த உறங்காப்புளியைத் தரிசிக்க எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருவார்கள். வைகாசியில் ஒன்பது பெருமாள்களும் ஒன்பது கருட வாகனத்தில் எழுந்தருளும்போது எள் போட்டால் எள் விழாது. மற்ற நாட்களில் தாமிரபரணியும் நாங்களுமாகச் சத்தமில்லாமல் இருப்போம். அந்தச் சத்தமில்லாத ஊருக்குள், போன மே மாத விடுமுறையில், என் மகள் வயிற்றுப் பேரன் சென்னையிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியும் கையுமாக வந்து இறங்கினான்.

ஒன்பதாவது முடித்துப் பத்தாவதுக்குப் போகிறவன். பெட்டியில் பலகாரமோ என்று நினைத்தேன். திறந்தால் உள்ளே பச்சை பிளாஸ்டிக் சட்டங்கள். கறிவேப்பிலை ஈர்க்கில் வரிசையாக இலை ஒட்டிக்கொண்டிருக்குமே, அதைப் போல ஒவ்வொரு சட்டத்திலும் குட்டிக் குட்டிப் பாகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, பிசின் வைத்து ஒட்டினால் டாங்கி ஆகுமாம்.

"எந்த ஊர் டாங்கிலே இது?" என்றேன்.

"டி-72 ஆச்சி. ரஷ்யாக்காரங்க டிசைன். ஆனா நம்ம ஆவடியிலயே பண்ணினது. 'அஜேயா'ன்னு பேரு" என்றான், தானே செய்து ஓட்டிப் பார்த்தவனைப் போல.

ஆவடி என்றதும் எனக்கும் கொஞ்சம் பெருமைதான். ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965 கடைசியில் விஜயந்தா டாங்கி முதன்முதலாக வெளியே வந்ததைப் பத்திரிகையில் படித்த ஞாபகம் இருக்கிறது. அதே தொழிற்சாலையில்தான் 1980களில் இந்த டி-72-ஐயும் செய்யத் தொடங்கினார்கள்.

பையன் எனக்குப் பாடமே நடத்திவிட்டான். நிஜ டாங்கியின் முப்பத்தைந்தில் ஒரு பங்கு இது. நிஜத்தில் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் அகலம். இங்கே பத்து சென்டிமீட்டர். ஐந்தே முக்கால் அடி மனிதன் இந்தக் கணக்கில் ஐந்து சென்டிமீட்டர், அதாவது என் ஆள்காட்டி விரலில் முக்கால்வாசி. "அதென்ன கணக்கு முப்பத்தைந்து? முப்பது, நாற்பது என்று முழுசாக வைக்கக் கூடாதோ?" என்று கேட்டேன். அதற்கும் ஒரு கதை இருக்கிறது. ஜப்பானில் ஷிஜுவோகா என்ற ஊரில் தாமியா என்று ஒரு கம்பெனி. ஆதியில் அவர்கள் மரம் அறுக்கும் தொழில் செய்தவர்கள். பிறகு மரத்திலேயே மாதிரிப் பொம்மைகள் செய்தார்கள். அப்புறம் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். 1961ல் 'பாந்தர்' என்ற ஜெர்மன் டாங்கியின் மாதிரியைச் செய்தபோது, அது ஓடுவதற்காக உள்ளே மோட்டாரும் பாட்டரியும் வைக்க வேண்டியிருந்தது. பாட்டரி கொள்ளுகிற அளவுக்கு வயிற்றை வைத்துப் பொம்மையைச் செய்து முடித்துவிட்டு அளந்து பார்த்தால், அது முப்பத்தைந்தில் ஒன்றாக இருந்ததாம். அதுவே பிறகு உலகம் முழுவதும் டாங்கிப் பொம்மைக்கு வழக்கமான அளவு ஆகிவிட்டது.

எனக்கு இது ரொம்பப் பிடித்துப் போய்விட்டது. எங்கள் பக்கத்து அம்பாசமுத்திரத்திலும் மரத்தைக் கடைந்து சொப்பு செய்கிறவர்கள் உண்டே! ஆனால் அளவு என்று பார்த்தால் நம் கொலு எந்தக் கணக்கிலும் சேராது. எங்கள் வீட்டுச் செட்டியார் யானையைவிட உயரம். அவர் கடைக் கத்தரிக்காய் அவர் தலைக்குச் சமானம். அதைப் பார்த்துப் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். "சிரிக்காதேலே, செட்டியார் எங்க மாமியார் காலத்து ஆளு" என்று அதட்டி வைத்தேன்.

இதுவரை எல்லாம் சந்தோஷமாகத்தான் போயிற்று. மச்சில் ஒரு பழைய மேஜையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இரண்டாவது வாரத்திலிருந்து என் சமையலறைச் சாமான்கள் ஒவ்வொன்றாக மச்சுக்கு ஏறத் தொடங்கின. கோலப்பொடி போயிற்று, கேட்டால், புழுதிக்காம். தட்டித் தூளாக்கிய செங்கல் போயிற்று. வடிகட்டி காய வைத்திருந்த தேயிலைச் சக்கை போயிற்று; அது உதிர்ந்த சருகாம். கடைசியில் உப்பு ஜாடியும் காணோம்.

உப்பு எதற்கு என்று ஏறிப் போய்ப் பார்த்தேன். அது ஒரு தந்திரம், கேளுங்கள். முதலில் டாங்கிக்குத் துரு நிறத்தைப் பூசிக் காயவிட வேண்டும். பிறகு அங்கங்கே தண்ணீர் தொட்டு, உப்பைத் தூவ வேண்டும். உப்பு ஒட்டிக்கொண்டதும் மேலே பச்சை வர்ணத்தை அடிக்க வேண்டும். காய்ந்த பிறகு உப்பை நிமிண்டி எடுத்தால், அந்த இடத்தில் மட்டும் பச்சை பெயர்ந்து உள்ளே இருக்கும் துரு எட்டிப் பார்க்கும். நிஜமாகவே பழைய இரும்புத் தகடு மாதிரி ஆகிவிடும். தூத்துக்குடி உப்பு சோற்றுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். டாங்கிக்கும் ஆகும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

"இவ்வளவு துரு எங்கே பார்த்தே? புது வண்டி என்றால் பளபளவென்று இருக்காதா?" என்றேன்.

"இது எரிஞ்சுபோன டாங்கி ஆச்சி. அப்படித்தான் செய்யப் போறேன். இதோ பாருங்க, ரெஃபரன்ஸ்" என்று சொல்லி, மேஜையின் மேல் பரப்பியிருந்த போட்டோக்களைக் காட்டினான்.

இருபது முப்பது படங்கள் இருக்கும். சிலதைக் காகிதத்தில் அச்செடுத்திருந்தான். மற்றவை கைபேசியில் இருந்தன. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேனுக்குள் படையெடுத்துப் போனதே, அந்த யுத்தத்தில் எடுத்தவை. சாலையோரத்தில், வயலில், மரத்தடியில் எரிந்து கிடக்கும் டாங்கிகள். இந்தப் படங்களை வைத்துக்கொண்டு அவன் செய்திருந்த ஆராய்ச்சியைப் பார்த்து அசந்துபோனேன். ஒரே வண்டியைக் காலை வெயிலில் எடுத்தால் ஒரு பச்சை, மாலையில் எடுத்தால் வேறு பச்சை. ஆகவே ஒரு படத்தை மட்டும் நம்பக் கூடாதாம். தீயில் வர்ணம் எரிந்து போனதும் இரும்பு முதலில் கறுப்பும் சாம்பலுமாகத் தெரியும். மேலே மழையோ பனியோ பட்டால் சில நாளிலேயே செங்காவி ஏறிவிடும். ஆகவே படம் எடுத்த தேதியையும் பார்க்க வேண்டுமாம். சக்கரத்தைச் சுற்றியிருக்கும் ரப்பர் எரிந்து போவதால் வண்டி கொஞ்சம் தாழ்ந்து நிற்கும். பொம்மையிலும் அதைத் தாழ்த்த வேண்டுமாம்.

இன்னொன்றும் சொன்னான். இந்த வண்டியில் இருபத்திரண்டு குண்டுகளை ஒரு வட்டத்தட்டில் அடுக்கித் தரையோடு தரையாக வைத்திருப்பார்களாம். வண்டியில் ஆட்கள் மூன்று பேர். இரண்டு பேர் அந்தத் தட்டுக்கு மேலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஓட்டுகிறவன் முன்னால் இருப்பான். எதிரியின் குண்டு துளைத்து அந்தத் தட்டுக்குத் தீ பிடித்தால், மேலே இருக்கும் கோபுரமே பிய்த்துக்கொண்டு பறந்துவிடும். இதை எல்லாம் கணக்குப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னான். அவன் குரலில் ஒரு கெடுதலும் இல்லை. எனக்குத்தான் அடிவயிற்றில் என்னவோ செய்தது.

அவனுக்கு ரொம்பப் பிடித்த படம் ஒன்று. அதைத்தான் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தான். கோபுரம் பறக்காமல் அப்படியே எரிந்து நின்ற டாங்கி. துரு நன்றாகத் தெரிகிறது என்று அதைத் தேர்ந்தெடுத்திருந்தான். நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். எனக்குத் துருவைப் பற்றி என்ன தெரியும்? வீட்டுக்காரியின் கண் போகிற இடத்துக்குத்தான் போயிற்று. டாங்கியின் பின்பக்கம் ஒரு மூட்டை கட்டியிருந்தது. பாதி கருகிவிட்டது. மீதிப் பாதியில் பூப்போட்ட துணி தெரிந்தது.

"ஏலே, இது என்னது?"

"அது ஸ்டோவேஜ் ஆச்சி. வண்டி மேல கட்டி வச்சிருக்கிற சாமான். சரியாத் தெரியல. நான் அதை விட்டுடப் போறேன்."

"சாமான் இல்லலே. இது ரஜாய். நல்லாப் பாரு, ஓரத்திலே கையால் தையல் போட்டிருக்கு."

அவன் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான். ஆமாம், ரஜாய்தான். நாலு நாளாக இந்தப் படத்தோடேயே குடியிருந்தவன், அதை அன்றைக்குத்தான் பார்த்தான்.

உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவனைக் கண்டிக்கத்தான் முதலில் வாய் எழுந்தது. "ஆள் செத்த படத்தை வைத்துக்கொண்டு விளையாட்டா?" என்று கேட்க நினைத்தேன். ஆனால் கேட்க முடியாமல் ஒரு பழைய ஞாபகம் குறுக்கே வந்து நின்றது.

1965 செப்டம்பரில் எனக்குப் பதினாலு வயது. பாகிஸ்தானோடு யுத்தம். பஞ்சாபில் கேம்கரண் பக்கத்தில் அசல் உத்தர் என்ற கிராமத்தில் பெரிய டாங்கிச் சண்டை நடந்தது. வாய்க்காலை உடைத்து வயலில் தண்ணீரைப் பாய்ச்சிவிட்டு, கரும்புத் தோட்டத்துக்குள் நம் டாங்கிகள் மறைந்து நின்றன. எதிரியின் பாட்டன் டாங்கிகள் சேற்றில் சிக்கிக்கொண்டன. ஜீப்பில் பொருத்திய பீரங்கியை வைத்துக்கொண்டு டாங்கிகளை எதிர்த்த ஹவில்தார் அப்துல் ஹமீது, செப்டம்பர் 10ந் தேதி உயிர் விட்டார். அவருக்குப் பரம் வீர் சக்கரம் கொடுத்தார்கள். அழிந்ததும் பிடிபட்டதுமாக ஏறக்குறைய நூறு டாங்கிகள் என்று கணக்குச் சொன்னார்கள். அவற்றைக் கொண்டுவந்து நிறுத்திய இடத்துக்குப் 'பாட்டன் நகர்' என்றே பெயர் வந்துவிட்டது. அந்தப் படங்கள் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வந்தன. நானும் என் சிநேகிதிகளும் அவற்றைக் கத்தரித்து, சோற்றுப் பருக்கையால் நோட்டில் ஒட்டி வைத்திருந்தோம். உடைந்த டாங்கியை எண்ணி எண்ணிக் கை தட்டினோம். ஒவ்வொரு பாட்டன் டாங்கிக்குள்ளும் நாலைந்து பேர் இருந்திருப்பார்களே என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. அந்த நோட்டை ஒட்டியவள், இந்தப் பையனை எந்த வாயால் கண்டிப்பது?

ஆகவே நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வீட்டுக்கு ஆள் அனுப்பி என் கொழுந்தனாரை வரச் சொன்னேன்.

அவர் என் வீட்டுக்காரரின் தம்பி. கிட்டத்தட்ட என் வயதுதான். பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்து, டாங்கிப் படைக்குப் போனவர். 1971 டிசம்பரில் மேற்கு எல்லையில் செஞ்சூரியன் டாங்கியில் இருந்தார். வேலை முடிந்து ஊருக்கு வந்ததிலிருந்து வாழைத் தோட்டம் உண்டு, அவர் உண்டு. யுத்தத்தைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. கேட்டால், "அது கிடக்கட்டும் மயினி, இந்த வருஷம் வாழை விலையைப் பாத்தியளா?" என்பார்.

"என்ன மயினி, கூப்பிட்டு விட்டியளாமே?" என்று கேட்டுக்கொண்டே மச்சுப் படி ஏறி வந்தார். பொம்மையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. விரலால் சங்கிலியைத் தொட்டுப் பார்த்தார். "செயின் இப்படி விறைப்பா இருக்காதுலே. மேலே கொஞ்சம் தொய்ஞ்சு சக்கரத்து மேல படுத்திருக்கும்" என்று திருத்தம் சொன்னார். பையனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரெஃபரன்ஸ் படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டான்.

அவர் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "இந்த வண்டிக்கு மூடி எத்தனை?"

"மூணு, சின்னத் தாத்தா. மேலே ரெண்டு, டிரைவருக்கு ஒண்ணு."

"இதிலே திறந்திருக்கிறது எத்தனை?"

பையன் குனிந்து பார்த்தான். நானும் பார்த்தேன். டிரைவர் மூடி திறந்திருந்தது. மேலே ஒரு மூடி திறந்திருந்தது. இன்னொன்று மூடியே இருந்தது. படத்தில் இருப்பதைப் போலவே பையனும் பொம்மையில் ஒன்றை மூடி, பிசின் வைத்து ஒட்டியிருந்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று அவன் யோசிக்கவில்லை.

"எரிஞ்ச வண்டியைக் கண்டா நாங்க முதல்ல அதைத்தான் பார்ப்போம். துரு, வர்ணம் எல்லாம் எங்க கண்ணுக்குத் தெரியாது" என்றார் அவர்.

பையன் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெல்ல, "அந்த மூணாவது ஆள் பக்கத்து மூடி வழியா வந்திருக்கலாம் இல்லையா சின்னத் தாத்தா?" என்று கேட்டான்.

"வந்திருப்பான்லே, வந்திருப்பான்" என்று சொல்லி அவன் தலையைத் தடவிக் கொடுத்தார். "படத்திலே நிறம் எல்லாம் சரியாத்தான் விழுந்திருக்கு. வாசனைதான் படத்திலே விழாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் சம்சாரம் மறுநாள் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள். எனக்கு ரொம்பச் சங்கடமாகப் போயிற்று. ஏன் கூப்பிட்டோம் என்று ஆகிவிட்டது.

ஆனால் இரண்டு நாள் கழித்து அவரே வந்து, "வாலே, உனக்கு ஒரு இடம் காட்டுதேன்" என்று பையனைக் கூப்பிட்டார். நானும் சேர்ந்துகொண்டேன். மூவருமாகப் பஸ் ஏறி ஆதிச்சநல்லூர் போனோம்.

ஆதிச்சநல்லூரைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். எங்களுக்கு அது பக்கத்து ஊர் மாதிரி. அதனாலேயே சரியாகப் பார்த்ததில்லை. பழைய காலத்து ஜனங்கள் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த பரம்பு அது. 1876லேயே ஜெர்மனியிலிருந்து ஜாகர் என்பவர் வந்து தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ என்பவர் தோண்டினார். அவருக்குப் பொன் பட்டமும், வெண்கலச் சாமான்களும், இரும்பு வாள், ஈட்டி, குத்துவாள் என்று ஏராளமான ஆயுதங்களும் கிடைத்தன. 2004-05ல் மறுபடி தோண்டியபோது நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. 2023ல் அங்கேயே மியூசியம் திறந்தார்கள். தோண்டிய குழியை அப்படியே விட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். கண்ணாடியின் மேல் நின்றுகொண்டு கீழே குனிந்து பார்த்தால் தாழிகள் தெரிகின்றன.

முதலில் எனக்குக் கண்ணாடியின் மேல் கால் வைக்கவே கூச்சமாக இருந்தது. பையன் தைரியமாக நடுவில் போய் நின்று பார்த்தான். கொழுந்தனார் அவன் பக்கத்தில் போய் நின்றார்.

"அந்தக் காலத்து ஆளுக, ஆளோட சேர்த்துத்தான் ஆயுதத்தையும் வச்சாக. இரும்பை எடுத்தாலும் பக்கத்திலே எலும்பு இருக்கும். இது இன்னாருடையதுன்னு இருந்துது. உன் படத்திலே வண்டி மட்டும் நிக்கி. ஆளை நீதான் நினைச்சுக்கிடணும்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். வரும்போது பஸ் ஸ்டாண்டில் பையனுக்குப் பனங்கிழங்கு கிடைக்குமா என்று தேடினார். அந்த மாதத்தில் அது எங்கே கிடைக்கும்? கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

விடுமுறை முடிந்து பையன் சென்னைக்குப் போனான். டாங்கியையும் பெட்டியில் பத்திரமாக வைத்து எடுத்துக்கொண்டு போனான். அந்த விஷயத்தை அதோடு மறந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். நவராத்திரிக்குக் காலாண்டு விடுமுறையில் வந்தவன், "ஆச்சி, கொலுவிலே கொஞ்சம் இடம் வேணும்" என்றான்.

எனக்குத் திக்கென்றது. கொலு மங்களகரமான சமாசாரம். நாலு சுமங்கலிகளும் கன்னிப் பெண்களும் வந்து பாடிவிட்டுப் போகிற இடத்தில், எரிந்துபோன டாங்கியை எப்படி வைப்பது? பக்குவமாக மறுத்துவிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள் பெட்டியைத் திறந்துவிட்டான்.

டாங்கி எரியவில்லை. பச்சையாக இருந்தது. பக்கத் தகட்டில் மட்டும் நம் உப்பின் உபயத்தால் அங்கங்கே வர்ணம் பெயர்ந்து, நெடுந்தூரம் ஓடிவந்த வண்டி மாதிரி தெரிந்தது. சங்கிலி சின்னத் தாத்தா சொன்னபடி தொய்ந்திருந்தது. பீரங்கிக் குழாயிலிருந்து ஒரு மரத்துக்குக் கொடி கட்டி, இரண்டு சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. பின்பக்கம் சுருட்டிக் கட்டிய பூப்போட்ட ரஜாய். உற்றுப் பார்த்தால், என் பழைய வாயில் புடவையின் கிழிசல்! மே மாதத்தில் அதையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். புல்தரையில் ஐந்து சென்டிமீட்டர் ஆட்கள் மூன்று பேர். ஒருவன் முகச்சவரம் செய்கிறான். ஒருவன் குவளையில் டீ குடிக்கிறான். ஒருவன் மடியில் காகிதத்தை வைத்துக் கடிதம் எழுதுகிறான்.

மூன்று மூடியும் திறந்திருந்தது. ஒட்டிய மூடியைப் பிளேடால் பெயர்த்து எடுக்கும்போது கையைக் கிழித்துக்கொண்டானாம், தழும்பைக் காட்டினான்.

"எல்லாம் அந்த ஒரு போட்டோவைப் பார்த்துத்தான் ஆச்சி செஞ்சேன். வேற எதையும் மாத்தல. அதே டாங்கி, அதே ரஜாய். இது முந்தின நாள்" என்றான்.

முந்தின நாள். எனக்குச் சட்டென்று கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அடுப்பில் சுண்டல் தீய்கிறது என்று சாக்குச் சொல்லி உள்ளே போய்விட்டேன்.

அப்புறம் இடம் கொடுக்காமல் இருக்க முடியுமா? செட்டியாரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். யானையைவிட உயரமான செட்டியாருக்குப் பக்கத்தில் அந்த மூன்று பேரும் எறும்பு மாதிரி இருந்தார்கள். ஆயுத பூஜையன்று அருவாமனைக்கும், கத்தரிக்கோலுக்கும், என் தையல் மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தபோது கொழுந்தனாரும் வந்திருந்தார். கொலுவின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த டாங்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மயினி, எஞ்சின் மூடி நல்லாச் சுடும். அது மேலே குவளையை வச்சா டீ ஆறவே ஆறாது" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் தானாக வாயைத் திறந்து சொன்ன முதல் பட்டாளத்துக் கதை அதுதான். பையன் உடனே குவளையை எடுத்து எஞ்சின் மூடியின் மேல் வைத்தான். அன்றைக்கு இருவரும் ராத்திரி பத்து மணி வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

சுண்டலுக்கு வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்பீர்கள். பலர் சிரித்தார்கள். "நல்லா துணி காயப் போட்டிருக்கான்" என்று ஒருத்தி மெச்சினாள். எங்கள் தெருவில் ஒரு பெண். புருஷன் வடக்கே எல்லையில் இருக்கிறான். அவள் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து அந்தக் கடிதம் எழுதுகிற ஆளைப் பார்த்துவிட்டு, "யாருக்கு எழுதுதானாம்?" என்று பையனிடம் கேட்டாள். அவன் கூச்சப்பட்டுக்கொண்டு, "வீட்டுக்கு" என்றான். அவள் தலையை ஆட்டிவிட்டு வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு போனாள்.

சகோதரிகளே! இந்தக் காலத்தில் எந்தக் குழந்தையின் கைபேசியிலும் யுத்தப் படம் வந்து விழுந்துகொண்டேதான் இருக்கிறது. பார்க்காதே என்று தடுக்க நம்மால் முடியப் போவதில்லை. அதனால் நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். பையன் புதிதாக ஒரு படத்தைக் கொண்டுவந்தால், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். நிறத்தை அவன் பார்க்கட்டும். ஓரத்தில் கிடக்கும் செருப்பு, வாளி, போர்வை இதையெல்லாம் நான் பார்த்துச் சொல்கிறேன். நீங்களும் ஒரு நாள் அப்படி உட்கார்ந்து பாருங்கள். நமக்கு டாங்கியைப் பற்றித் தெரியாவிட்டால் என்ன? ரஜாயைப் பற்றித் தெரியுமே!